லீடுக்கு மூணு தடவை கால், ஹோமுக்கு ஒரே ஒரு போட்டோ

நான் சென்னையில ஒரு டிராவல் ஏஜென்சியோட க்ரூஸ் டெஸ்க்ல வேலை பாக்குறேன். கப்பல் டூர் விக்கிறதுதான் வேலை. வருஷம் பூரா எங்க டீம் ரெண்டு விதமான நிகழ்ச்சி நடத்தும், ஒண்ணு கப்பல விக்கிறதுக்கு, இன்னொண்ணு யாருக்காவது உதவி பண்றதுக்கு. முதல் வேலையில இந்தத் தொழில்காரங்க எல்லாருமே கெட்டிக்காரங்க. ஆனா அங்க கத்துக்கிட்ட எதையும் ரெண்டாவது வேலைக்கு எடுத்துட்டுப் போறதில்ல, ஏன்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டு இருக்கேன். அதைத்தான் எழுதப் போறேன், கொஞ்சம் நீளமாவே போகும்.

முதல்ல விக்கிற கதை. சென்னைக்காரங்களுக்கு ரொம்ப வருஷமா க்ரூஸ்னா சிங்கப்பூர்தான். சிங்கப்பூர் பேக்கேஜ் எடுத்தா சென்டோசா பாத்துட்டு கடைசியில ரெண்டு நைட் சூப்பர்ஸ்டார் விர்கோ கப்பல், அப்பெல்லாம் அவ்ளோதான். நம்ம துறைமுகத்துல இருந்தே ஏறிப் போகலாம்ங்கிறது பெருசா பேச்சானது 2022 ஜூன் 4-ம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் கோர்டீலியா க்ரூஸோட எம்ப்ரஸ் கப்பல கொடியசைச்சு அனுப்பி வெச்சப்பதான். அந்தக் கப்பல் 1990-ல பிரான்ஸ்ல கட்டினது, ஏறக்குறைய 800 கேபின், 48,000 டன்னுக்கு மேல. அடுத்த வருஷம் 2023 ஜூன்ல அதே கப்பல் சென்னையில இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைனு இலங்கைக்கும் போச்சு. காங்கேசன்துறைனு போஸ்டர்ல பாத்ததும் யாழ்ப்பாணத்துல இருந்து வந்து வளசரவாக்கம் பக்கம் இருக்கிற குடும்பங்க எங்களுக்கு கால் பண்ணினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, அவங்க டூருக்காக கேக்கல, ஊருக்குப் போற வழியா கேட்டாங்க, ஒன் வே டிக்கெட் உண்டானு கேட்டாங்க.

நிறைய பேரு கேக்குற கேள்வி, ஏன் சென்னையில இருந்து ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மட்டும் கப்பல் போகுது? காரணம் காத்துதான். தென்மேற்குப் பருவமழை சமயத்துல அரபிக் கடல் பக்கம் கொந்தளிக்கும், மும்பைல இருந்து கப்பல் ஓட்ட முடியாது, அப்ப கிழக்குக் கரைக்கு கொண்டு வருவாங்க, வடகிழக்குப் பருவமழை நம்ம பக்கம் ஆரம்பிக்கறதுக்குள்ள திரும்ப மேற்குக்கு போயிடும். அதனால எங்க ஊர் கப்பல் சீசன் வேற, உலக க்ரூஸ் தொழிலோட விக்கிற சீசன் வேற. உலகம் பூரா ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும்தான் புக்கிங் குவியும், அத வேவ் சீசன்னு சொல்லுவாங்க. சிங்கப்பூர், மெடிட்டரேனியன், அலாஸ்கா எல்லாம் நாங்க அந்த மூணு மாசத்துலதான் தள்ளுவோம்.

இப்ப நிகழ்ச்சிக்கு வர்றேன். மால்ல வீக்கெண்ட் ஸ்டால் போடுறது சின்ன விஷயமா தெரியும். ஒரு டேபிள், ஒரு டிவி, ரெண்டு ஸ்டாண்டி (நிக்க வைக்கிற விளம்பர அட்டை), விசிட்டிங் கார்டு போடுறதுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம், லக்கி டிரால ஜெயிச்சா ரெண்டு பேருக்கு கேபின் ஃப்ரீ. காலைல பத்து மணில இருந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் நின்னுட்டே இருக்கணும். வர்றவங்க கேக்குற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான், கப்பல் ஆடுமா? ரெண்டாவது, வாந்தி வருமா? மூணாவது, ஜெயின் சாப்பாடு இருக்கா இல்ல சாம்பார் இருக்கா. டைட்டானிக்க பத்தி கேக்காத ஒரு நாள் கிடையாது. இதுக்கெல்லாம் சிரிச்சு மழுப்புற ஆளுங்க உண்டு, எனக்கு அது பிடிக்காது, பயம் வாஸ்தவமான பயம், வாஸ்தவமான பதில் சொல்லணும். கப்பலோட ரெண்டு பக்கமும் தண்ணிக்கு கீழ துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் இருக்கும், அது பக்கவாட்டு ஆட்டத்தத்தான் குறைக்கும், முன்னும் பின்னும் ஏறி இறங்குறத பெருசா குறைக்காது, அதனால பயமா இருந்தா நடு கப்பல்ல கீழ் டெக்ல கேபின் கேளுங்க, மேல் டெக் பால்கனி அழகு ஆனா ஆட்டம் அங்கதான் கூடுதல்னு சொல்லுவேன். பால்கனி விலை கூட, இப்படி சொன்னா எங்களுக்கு நஷ்டம்னு பக்கத்து ஸ்டால் தம்பி ஒருத்தன் சொன்னான். நடு கப்பல்ல நிம்மதியா தூங்கினவங்க அடுத்த வருஷம் மச்சினர் குடும்பத்தையும் கூட்டிட்டு வருவாங்க, அதான் என் கணக்கு.

மால விட எனக்கு ரொம்பப் பிடிச்சது அபார்ட்மெண்ட் சாயங்காலங்கள். ஓஎம்ஆர், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் பெரிய பெரிய குடியிருப்பு இருக்கு, அசோசியேஷன் செக்ரட்டரிகிட்ட பேசி க்ளப் ஹவுஸ்ல ஒரு மணி நேரம் வாங்குவோம், ப்ரொஜெக்டர், ஃபில்டர் காபி, மசால் வடை, அவ்ளோதான் செலவு. வர்றவங்க பாதி பேரு அறுபது தாண்டினவங்க, பிள்ளைங்க வெளிநாட்டுல. கேள்வி கேட்டா அந்த மாமிங்க மாதிரி யாரும் கேக்க முடியாது. "டிப்ஸ் தனியா பிடிப்பேளா?" "போர்ட் சார்ஜ் இதுல சேந்துதா?" "வீல் சேர் கங்வே வரைக்கும் வருமா, இல்ல நடுவுல நடக்கணுமா?" கங்வேனா கரைல இருந்து கப்பலுக்கு ஏறுற பாலம், அந்த வார்த்தை அவங்களுக்கு எப்படித் தெரியும்னு நான் ஆச்சரியப்பட்டேன், வீட்டுக்காரர் துறைமுகத்துல வேலை பாத்து ரிடையர் ஆனவராம்.

அறுபதாம் கல்யாணத்தை கப்பல்ல பண்ணணும்னு கேக்குறவங்க இப்ப நிறைய. அதுல ஒரு நெளிவு இருக்கு, கப்பல்ல திறந்த நெருப்புக்கு அனுமதி கிடையாது, ஊதுபத்தி கூட கொளுத்த முடியாது, ஹோமம் எங்க பண்றது? அதனால திருக்கடையூர்லயோ வீட்டுலயோ சாஸ்திரத்த முடிச்சுட்டு, கப்பல்ல சொந்தக்காரங்களோட கொண்டாட்டம் மட்டும்னு பிரிச்சுக் குடுப்போம். மருமக ஏழு மாசம் கர்ப்பமா இருக்கா, அவளும் வருவாம்பாங்க, பெரும்பாலான கம்பெனிங்க 24-வது வாரம் தொட்டா ஏத்த மாட்டாங்கனு அப்பவே சொல்லிடணும். இத புக்கிங் ஆனப்புறம் சொல்றது துரோகம்னே சொல்லுவேன்.

ஏஜெண்டுகளுக்கு நடத்துற சாயங்காலம் வேற மாதிரி. ஹோட்டல் ஹால், திருச்சி மதுரை கோயம்புத்தூர்ல இருந்தெல்லாம் சின்ன ஏஜெண்டுங்க வருவாங்க, ஸ்லைடு, குவிஸ், டின்னர், நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல டிராவல் ஃபேர் நடக்கிற வாரமா பாத்து வைப்பாங்க. அதப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு விஷயம், போஸ்டர்ல கேபின் விலைய மட்டும் பெருசா போட்டு போர்ட் சார்ஜ், கிராஜுவிட்டி (கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ்), வரி எல்லாத்தையும் நட்சத்திரக் குறி போட்டு கீழ பொடி எழுத்துல தள்றது இந்தத் தொழிலோட நோய், முழு விலையப் போட்டு வித்தாலும் விக்கும், எங்க டீம் அப்படித்தான் விக்குது.

சரி, நிகழ்ச்சி முடிஞ்சா என்ன ஆகும்? இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்குது.

நிகழ்ச்சி முடிஞ்ச ராத்திரியே வந்தவங்க எல்லார் பேரும் ஷீட்ல ஏறிடும், ஒவ்வொரு பேரும் எங்களுக்கு ஒரு லீடு, அதாவது டூர் வாங்க வாய்ப்பு இருக்கிற ஆளு. பேரு, நம்பர், எத்தனை பேரு, எந்த மாசம் லீவு, என்ன பயம், என்ன சாப்பாடு. ரெண்டு நாளைக்குள்ள முதல் கால். அதுக்கு மேல போனா ஆளு மறந்துடுவாரு, எந்த ஸ்டால்னே ஞாபகம் இருக்காது. அந்த வாரக் கடைசியில ரெண்டாவது கால், விலையோட. பத்து பதினஞ்சு நாள் கழிச்சு மூணாவது. வேண்டாம்னு சொன்னவங்கள கூட அடுத்த சீசன்ல ஒரு தடவை கூப்பிடுவோம், அம்மா உடம்பு தேவலையாம்மா, அப்ப ஆபரேஷன் இருக்குனு சொன்னீங்களேனு கேட்டு ஆரம்பிப்போம், ஏன்னா அது ஷீட்ல எழுதியிருக்கும். டிராவல் முடிஞ்சு வந்தா ஃபீட்பேக் கால். இது எங்களுக்கு மூச்சு விடுற மாதிரி பழக்கம். முன்பின் தெரியாத ஒரு ஆளோட மாமியார் முட்டி வலி வரைக்கும் ஞாபகம் வெச்சுக்கிற தொழில் இது.

இப்ப இதே தொழில் தர்ம காரியம் பண்றத பாருங்க. வழக்கமா டிசம்பர்லயோ மார்ச்லயோ ஒரு நாள். ஒரு ஹோமுக்கு, அதாவது ஆதரவில்லாதவங்க இல்லத்துக்குப் போறது, பிள்ளைங்களோ பெரியவங்களோ வரிசையா உக்காந்திருப்பாங்க, பின்னாடி பேனர், பேனர்ல கப்பல் படம், கம்பெனி பேர் போட்ட பை, பைக்குள்ள பிஸ்கட்டும் பென்சில் டப்பாவும், கேக் வெட்டு, குரூப் போட்டோ, மத்தியானத்துக்குள்ள எல்லாரும் வண்டி ஏறிடுவாங்க. சாயங்காலம் லிங்க்டின்ல போஸ்ட். அந்த இல்லத்தோட நம்பர் யார்கிட்டயும் சேவ் ஆகியிருக்காது. அடுத்த வருஷம் வேற இல்லம், ஏன்னா போன வருஷ போட்டோவும் இந்த வருஷ போட்டோவும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஒரு லீடுக்கு மூணு தடவை கால் பண்றவங்க, ஹோமுக்கு ஒரு தடவை கூட கால் பண்ணி அந்த பென்சில் டப்பா உபயோகமா இருந்துச்சானு கேட்டதில்ல.

போட்டோ விஷயத்துல சட்டமே இருக்கு, தொழில்ல நிறைய பேருக்கு தெரியல. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுற குழந்தைங்களோட படத்தையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாதுனு 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவு சொல்லுது. அதனாலதான் விவரம் தெரிஞ்ச இல்லப் பொறுப்பாளர்கள் கேமராவ வாசல்லயே நிறுத்திடுவாங்க. அப்படி ஒரு அக்கா நிறுத்தினத பாத்து, அப்ப எதுக்கு வந்தோம்னு ஒரு வேற கம்பெனி மேனேஜர் என் காதுபட கேட்டாரு. அந்த ஒரு கேள்வி போதும், நோக்கம் என்னனு புரியறதுக்கு.

சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிங்களோட சமூகப் பொறுப்புச் செலவு, அதப் பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா இந்த வார்த்தைய எல்லாரும் எல்லாத்துக்கும் ஒட்டுறாங்க. 2013 கம்பெனிகள் சட்டம் 135-வது பிரிவுப்படி நிகர மதிப்பு 500 கோடி, இல்ல விற்றுமுதல் 1,000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணு தொட்ட கம்பெனி, முந்தின மூணு வருஷ சராசரி நிகர லாபத்துல 2 சதவீதம் சமூகப் பணிக்கு செலவு பண்ணணும். எங்கள மாதிரி ஏஜென்சிங்க பெரும்பாலும் இந்த வரம்புக்குள்ளயே வர்றதில்ல, பண்றது எல்லாம் விருப்பப்பட்டு பண்றதுதான். ஆனா 2021 ஜனவரில வந்த திருத்த விதி ஒண்ணு எல்லாரும் படிக்கணும், தன்னோட பொருளுக்கோ சேவைக்கோ விளம்பர ஆதாயம் கிடைக்கிறதுக்காக ஸ்பான்சர் பண்றது சிஎஸ்ஆர் கணக்குல சேராதுனு தெளிவா சொல்லுது. பேனர்ல கப்பல் படமும் ஆஃபர் விலையும் போட்டு அன்னதானம் பண்ணினா அது மார்க்கெட்டிங் செலவு. செய்யக் கூடாதுனு யாரும் சொல்லல, அந்தக் கணக்குல எழுதுங்க, அவ்ளோதான்.

பெரிய க்ரூஸ் கம்பெனிங்க என்ன பண்றாங்கனு பாத்தா ரெண்டு வகை தெரியுது. ஒண்ணு பயணிகள்கிட்ட இருந்து திரட்டுறது. ஹாலந்து அமெரிக்கா கப்பல்கள்ல டெக்க சுத்தி 5 கிலோமீட்டர் நடக்கிற ஒரு நடை வைப்பாங்க, கட்டணம் கட்டி சேரணும், பணம் தொண்டு நிறுவனங்களுக்குப் போகும். கார்னிவல் 2010-ல இருந்து அமெரிக்காவுல இருக்கிற செயின்ட் ஜூட் குழந்தைகள் புற்றுநோய் ஆராய்ச்சி மருத்துவமனைக்காக கப்பல்ல டான்ஸ் நிகழ்ச்சி நடத்தி திரட்டுது. ஒரே மருத்துவமனை, வருஷக்கணக்கா, அந்தத் தொடர்ச்சிதான் எனக்கு அதுல பிடிச்சது.

ரெண்டாவது வகை, கப்பலையே குடுக்கிறது. 2017 செப்டம்பர்ல மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவ உடைச்சுப் போட்டப்போ ராயல் கரீபியன் அட்வென்சர் ஆஃப் த சீஸ் கப்பலோட அடுத்த பயணத்த ரத்து பண்ணிட்டு, நிவாரணப் பொருள் ஏத்திட்டுப் போய், 3,800 பேர் போல ஏத்திக்கிட்டு ஃப்ளோரிடாவுல இறக்குச்சு. கேபின் இருக்கு, சமையல்கூடம் இருக்கு, கடல் தண்ணிய குடிதண்ணியா மாத்துற மிஷின் இருக்கு, டாக்டர் இருக்காரு. அதோட அந்தக் கப்பலுக்கு தெரிஞ்ச வேலையே ஆயிரக்கணக்கான பேர லிஸ்ட் போட்டு ஏத்தி, சாப்பாடு போட்டு, பத்திரமா இறக்குறதுதான். அத செஞ்சுது. 2010 ஹைட்டி நிலநடுக்கம் நடந்த மூணாவது நாளே அங்க லபாடி கடற்கரைல ராயல் கரீபியனோட சுற்றுலாக் கப்பல் வந்து நின்னதுக்கு உலகம் பூரா திட்டினாங்க, செத்தவங்கள புதைக்கிற ஊர்ல வந்து குளிக்கிறாங்களேனு. அந்தக் கோபம் எனக்குப் புரியுது. அதே கப்பல்ல அரிசி, பீன்ஸ், பால் பவுடர், தண்ணி எல்லாம் வந்து இறங்குச்சு, அந்த வருஷமே அங்க ஒரு பள்ளிக்கூடமும் திறந்தாங்க. இதுல எது சரினு ஒரு வரில தீர்ப்பு சொல்ல என்னால முடியல, ஆனா வந்து இறக்கிட்டுப் போனதோட நிக்காம பள்ளிக்கூடம்னு ஒண்ணு நின்னுச்சு, அதுக்கு வருஷா வருஷம் யாராவது வந்து பதில் சொல்லியாகணும்.

எங்ககிட்ட கப்பல் இல்ல. நாங்க விக்கிறவங்க. அப்ப எங்ககிட்ட என்ன இருக்குனு எங்களுக்கே புரிஞ்சது 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையிலதான். டிசம்பர் 4-ம் தேதி கொட்டினதுல வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடி எல்லாம் மூழ்கிடுச்சு, நாள் கணக்கா கரண்ட் இல்ல. அபார்ட்மெண்ட் சாயங்காலங்கள்ல சேத்த ஷீட் எங்ககிட்ட இருந்துச்சு. அதுல தனியா இருக்கிற பெரியவங்க யாரு, வீல் சேர் யாருக்கு, சுகர் யாருக்கு, எத்தனாவது மாடி, மகன் எந்த நாட்டுல, எல்லாம் எழுதியிருக்கு. டீம்ல ஒரு பொண்ணுதான் முதல்ல சொன்னா, இவங்கள கூப்பிட்டுப் பாப்போமானு. சிக்னல் கிடைக்கிற ஏரியால இருந்தவங்க லிஸ்ட பிரிச்சுக்கிட்டோம். எடுக்காதவங்கள மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்ப கூப்பிட்டோம். யாருக்கு இன்சுலின் தீரப் போகுது, யாருக்கு தண்ணி கேன் வேணும்னு எழுதி, அந்தப் பக்கம் படகோட இறங்கியிருந்த இளைஞர் குழுக்களுக்கு அனுப்பினோம். அமெரிக்காவுல இருந்து ஒரு மகன், அம்மா போன் எடுக்கலனு எங்களுக்கு மெயில் போட்டாரு, வேற யார கேக்குறதுனு தெரியாம, டூர் புக் பண்ணின ஏஜென்சிக்கு. அம்மா மூணாவது மாடி பக்கத்து வீட்டுல பத்திரமா இருந்தாங்க.

அதுல பேனரே இல்ல. அங்க வேலைக்கு ஆனது எங்க ஃபாலோ-அப் புத்திதான். அதுக்கப்புறம் டீம் மீட்டிங்ல வருஷா வருஷம் பண்ற இல்ல விசிட்டுக்கு பட்ஜெட் வந்தப்போ நான் எழுந்து சொன்னேன், நமக்கு கூட்டம் சேக்கத் தெரியும், லிஸ்ட் வெச்சுக்கத் தெரியும், திரும்ப திரும்ப கூப்பிடத் தெரியும், இந்த மூணும் எங்க தேவையோ அங்க போவோம்னு.

தேடினா அப்படி ஒரு இடம் ஏற்கனவே இருக்கு, நம்ம ஊர்லயே, அம்பது வருஷமா. கண் முகாம். மதுரைல டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலைல ஓய்வு வாங்கிட்டு 1976-ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் மருத்துவமனை முகாம நடத்துற முறைய படிச்சுப் பாத்தா அசந்துடுவோம். ஊர்ல இருக்கிற சங்கமோ கடைக்காரங்களோ கம்பெனியோ ஸ்பான்சரா நின்னு விளம்பரம், இடம், ஆள் சேக்குறது எல்லாம் பாத்துப்பாங்க, மருத்துவமனை டாக்டர்கள அனுப்பி பரிசோதனை, ஆபரேஷன் பாத்துக்கும். ஆபரேஷன் வேணும்னு சொன்னா மட்டும் ஜனங்க வந்துட மாட்டாங்க, பஸ் காசு, சாப்பாடு, கூட ஆள், இதெல்லாம் தடை, அதனால கூட்டிட்டுப் போய் சாப்பாடு போட்டு ஆபரேஷன் பண்ணி திரும்ப கொண்டு வந்து விடுறதுனு அந்த முறைய வளத்தாங்க. அப்புறம் ஒரு மாசம் கழிச்சு திரும்ப பாக்குறது. இத படிச்சப்போ எனக்குத் தோணினது, டிக்கெட் வித்தா போதாது பிக்கப்புல இருந்து டிராப் வரைக்கும் பாக்கணும்னு நாங்க புதுசா சேர்ற பசங்களுக்கு சொல்லித் தர்றோமே, இதுவும் அதேதானே.

நாங்க போனது காசிமேடு, ராயபுரம் பக்கம். சென்னையில இருக்கிற ஒரு கண் மருத்துவமனையோட சேந்து. கடல் வெயில்லயும் தண்ணில இருந்து அடிக்கிற வெளிச்சத்துலயும் வருஷக்கணக்கா நிக்கிறவங்களுக்கு கண்புரைக்கான வாய்ப்பு கூடுதல்னு டாக்டர்கள் சொல்றாங்க, அங்க போனா அது கண்ணால தெரியும். எங்க ஆபீஸ் வழக்கப்படி மார்ச் கடைசியில தேதி போட்டிருந்தாங்க, வருஷக் கணக்கு முடியறதுக்குள்ள. மீன் ஏலக் கூடத்துகிட்ட மீன் விக்கிற ஒரு அக்காகிட்ட பேசினப்போ அவங்க ஒரே வார்த்தைல உடைச்சாங்க. "இன்னாம்மா தேதி இது? போட்டு கடலுக்குப் போற நேரத்துல எவ வருவா? தடைக்காலத்துல வைம்மா." கிழக்குக் கரைல ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகக் கூடாது, மீனுங்க முட்டை போடுற காலம். ஆம்பளைங்க வீட்டுல இருப்பாங்க, வல பின்னிட்டு இருப்பாங்க, மீன் வரத்து கம்மிங்கிறதால பொம்பளைங்களுக்கும் வியாபாரம் மந்தம், ஆபரேஷன் பண்ணிட்டு படுக்க நேரம் அப்பதான். கஸ்டமருக்கு லீவு எந்த மாசம்னு கேக்காம எந்த பேக்கேஜும் நாங்க விக்கிறதில்ல, அதே கேள்விய இங்க கேக்க வெச்சது அந்த அக்காதான். தேதிய மே மாசத்துக்கு மாத்தினோம்.

விளம்பரம் எங்க கைவேலை. ஆனா ஸ்டாண்டி எல்லாம் அங்க எடுபடாது. மைக் கட்டின ஆட்டோ, கோயில் மைக், சர்ச்ல ஞாயித்துக்கிழமை பூசைக்கு அப்புறம் அறிவிப்பு, ரேஷன் கடை சுவத்துல நோட்டீஸ். நோட்டீஸ்ல எங்க கம்பெனி பேர் போடுறதா வேண்டாமானு ஒரு சண்டையே நடந்துச்சு. கடைசில கீழ ஒரு வரி, விசாரிக்க வேண்டிய நம்பரோட. அது நியாயம்தான், யார கேக்குறதுனு ஜனங்களுக்கு தெரியணும்.

முகாம் நல்லா நடந்துச்சு, அத விவரிக்கப் போறதில்ல, கண் முகாம் பாக்காதவங்க தமிழ்நாட்டுல கம்மி. எனக்கு முக்கியம் அடுத்த நாள். ஆபரேஷன் வேணும்னு எழுதிக் குடுத்தவங்க எல்லார் பேரும் ஷீட்ல ஏறுச்சு. ரெண்டு நாளைக்குள்ள முதல் கால். வேன் வர்ற நேரம், எத எடுத்துட்டு வரணும், ப்ரெஷர் மாத்திரைய நிறுத்தாதீங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம், கூட யாரு வர்றாங்க. பாதி பேரு வர்றேன்னாங்க, மீதி பேரு இழுத்தாங்க. இழுக்கிறவங்கள விட்டுடக் கூடாதுனு எங்களுக்கு தொழிலே சொல்லிக் குடுத்திருக்கு, தயக்கத்துக்கு பின்னாடி ஒரு காரணம் இருக்கும். கேட்டோம். பயம் ரெண்டாவது காரணம்தான். முதல் காரணம், ஆபரேஷனுக்கு அப்புறம் சில வாரம் கண்ணுல தண்ணி படக் கூடாது, தூசி படக் கூடாது, சொட்டு மருந்து விடாம போடணும். மீன் வெட்டுற பொம்பளைக்கு ஐஸ் தண்ணி முகத்துல தெறிக்காம ஒரு நாள் ஏது? அத்தனை நாள் வேலைக்குப் போகலனா அடுப்பு எப்படி எரியும்?

கம்பெனி பேர் போட்ட பைக்கு ஒதுக்கின பணம் அப்படியே இருந்துச்சு. அத அரிசி, பருப்பு, எண்ணெய், சமையல் கேஸுக்கு மாத்தினோம், ஆபரேஷன் பண்ணிக்கிட்ட வீடுகளுக்கு வேலைக்குத் திரும்புற வரைக்கும். மேல இருந்து கேள்வி வந்துச்சு, இதுல நம்ம பேர் எங்க தெரியும்னு. தெரியாது சார்னு எங்க டீம் லீட் நேராவே சொன்னாரு. அவருக்கு அந்த ஒரு பதிலுக்காகவே நான் காலம் பூரா மரியாதை குடுப்பேன்.

சொட்டு மருந்து காலம் முடியற வரைக்கும் கால் போச்சு. "அக்கா, காலைல மருந்து போட்டீங்களா? மத்தியானம்?" ஃபோன் எடுக்கிறது பேத்தியா இருக்கும், அவகிட்டயே பொறுப்ப குடுத்துடுவோம். கண் சிவந்திருக்கு, வலிக்குதுனு சொன்னா அன்னிக்கே மருத்துவமனைக்கு. ஒரு தாத்தாவுக்கு வலி வந்து மூணு நாளா யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்காரு, கால் பண்ணின பையன் குரல் சரியில்லயேனு துருவி துருவி கேட்டு கண்டுபிடிச்சான். அவன் டெஸ்க்ல கேன்சல் பண்ண வர்ற கஸ்டமர குரல வெச்சே கண்டுபிடிக்கிற ஆளு.

ஒரு பக்கக் கதை, ஆனா சொல்லணும். நான் முன்னாடி சொன்ன வேவ் சீசன், ஜனவரி முதல் மார்ச், அதே மாசங்கள்லதான் நம்ம கடற்கரைல பங்குனி ஆமைங்க முட்டை போட வரும். பெசன்ட் நகர், நீலாங்கரை பக்கம் மாணவர்கள் கடலாமை பாதுகாப்பு அமைப்பு 1988-ல இருந்து ராத்திரி ராத்திரியா நடந்து முட்டைய எடுத்து பாதுகாக்குறாங்க. 2025 ஜனவரில சென்னைக் கரைல நூத்துக்கணக்குல செத்து ஒதுங்கினத பாத்தவங்களுக்கு மனசு ஆறல. குஞ்சுங்க வெளிச்சத்த பாத்துதான் கடல் திசைய கண்டுபிடிக்கும், கரைல விளக்கு இருந்தா ஊர்ப் பக்கம் திரும்பிடும். அதனால பீச்ல எல்இடி திரை, லேசர் லைட் போட்டு க்ரூஸ் ப்ரமோஷன் வைக்கிறதுக்கு இந்த மூணு மாசத்துல நாங்க போறதில்ல, யாராவது ஈவென்ட் கம்பெனி யோசனை சொன்னாலும் மறுத்துடுவோம். கடல காட்டி சம்பாதிக்கிறவங்க இத கூட செய்யலனா எப்படி.

இந்த வேலையால சேல்ஸ் ஏறுச்சானு கேப்பாங்க. அத அளக்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். அளக்க ஆரம்பிச்சா அடுத்த வருஷம் எந்த ஏரியால முகாம் வெச்சா கஸ்டமர் கிடைப்பாங்கனு பேச்சு திரும்பும், திரும்பினா காசிமேடு லிஸ்ட்ல இருந்து போயிடும். முகாம் ஷீட்டும் சேல்ஸ் ஷீட்டும் தனித்தனி, அந்த நம்பர்களுக்கு ஒரு ஆஃபர் மெசேஜ் கூட போகக் கூடாதுங்கிறது எழுதி வெச்ச விதி. நோயாளியோட நம்பர் லீட் ஆகக் கூடாது.

தொழில்ல இருக்கிற மத்த டீம்காரங்க இத படிச்சா, எங்ககிட்ட இருக்கிற ஷீட்டோட மாதிரிய தர்றேன், பேரு எதுவும் இல்லாம வெறும் தலைப்புகள் மட்டும்: என்னிக்கு முதல் கால், வேன் எங்க நிக்கும், கூட வர்ற ஆள், மருந்து முடியற தேதி, வேலைக்குத் திரும்பின தேதி. அந்தக் கடைசி கட்டம் நிரம்புற வரைக்கும் பேர எடுக்கக் கூடாது. போன தடவை வந்தவங்கள்ல ரெண்டாவது கண்ணுக்கு ஆபரேஷன் பாக்கி இருக்கிறவங்க லிஸ்ட் இப்ப தயாராகுது, திருவொற்றியூர் பக்கமும் போகலாம்னு பேச்சு இருக்கு, மைக் ஆட்டோல பேசுறதுக்கு ஆள் தேட வேண்டியதில்ல, நாங்க பேசினா யாருக்கும் காது கேக்கலயாம், தானே ஏறிப் பேசுறேன்னு அந்த மீன்கார அக்கா சொல்லிட்டாங்க.